பின்னால் வைத்த முதல் அடி

ஜனவரி 6, திங்கள்

என் ஆய்வை வழிநடத்தும் கோமதிநாயகம் சார் இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றில் எண்கள் மட்டும். இன்னொன்றில் மற்றதெல்லாம்: வெயில், மழை, யார் தூக்கக் கலக்கத்தில் வந்தார்கள், யார் சாப்பிடாமல் வந்தார்கள். எண்ணில் வராதது பூராவும் அதில் வர வேண்டும், ஆனால் அதைத் தன்னிடம் காட்ட வேண்டாம் என்றார். இது அந்த இரண்டாவது நோட்டு.

உடற்கல்வி முதுகலைப் படிப்புக்காக நான் செய்யும் ஆய்வு இது. ஒரே வரியில் சொன்னால், கால்பந்து ஆடுகிறவர் நின்ற இடத்திலிருந்து ஓட்டம் எடுக்கும்போது முதல் அடியை எங்கே வைக்கிறார் என்பதுதான் தலைப்பு. முக்கால்வாசிப் பேர் முன்னால் ஓட வேண்டிய நேரத்தில் முதலில் ஒரு காலைப் பின்னால் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அப்படிச் செய்வது அவர்களுக்கே தெரியாது. அது நேரத்தை வீணாக்கும் கெட்ட பழக்கம் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். எவ்வளவு நேரம் வீணாகிறது என்று அளந்து சொல்ல வேண்டியது என் வேலை.

தூத்துக்குடியில் பெண்கள் அணி என்றால் எங்கள் அலைமகள் கால்பந்துக் கழகம்தான். ‘எங்கள்’ என்று கை தானாக எழுதிவிட்டது. நான் அங்கே ஆடியது மூன்று வருஷத்துக்கு முன்னால். இன்று சாயங்காலம் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தபோது தொம்மை மாஸ்டர் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாகச் சாயங்காலம் தவறாமல் இந்த மைதானத்தில் பயிற்சி கொடுக்கிறவர். எனக்கும் அவர்தான் கொடுத்தார். நிமிர்ந்து பார்த்து, “வந்துட்டியா” என்றார், நான் நேற்றுப் போய்விட்டு இன்று வந்ததுபோல.

ஓட வரவில்லை, அளக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு என் காலைப் பார்த்தார். பழைய பூட்ஸைப் போட்டிருந்தேன். மைதானம் சகதியாக இருக்கும், வழுக்கும். அதற்காகத்தான் போட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

மழை. அளக்க முடியவில்லை. அம்மாவுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

முதல் நாள் அளவு. பதினெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள்.

கோட்டில் இரண்டு காலையும் சமமாக வைத்து நிற்க வேண்டும். கருவி ‘பீப்’ என்று சத்தம் கொடுக்கும். அந்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஐந்து மீட்டர் தள்ளி இரண்டு கம்பங்கள், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை. உடம்பு அதை வெட்டியதும் கடிகாரம் நிற்கும். பக்கவாட்டில் என் ஃபோன் கால்களை மட்டும் படம் பிடிக்கும், பிறகு மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

வெறும் ஐந்து மீட்டர் எதற்கு என்று அணித்தலைவி ஷெர்லி கேட்டாள். அவள்தான் எங்கள் முன்களத்தில் நடுவில் ஆடுகிறவள். நூறு மீட்டர் நேராக ஓட ஆட்டத்தில் யாருக்கும் வாய்ப்பதில்லை, பந்து யாருக்கு என்பது முதல் நாலைந்து மீட்டரிலேயே முடிந்துவிடும் என்றேன். அவள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

பதினெட்டில் பதினாறு பேர் காலைப் பின்னால் வைத்தார்கள். முன்னால் போகச் சொன்னால் பின்னால் போகிறார்களே என்று மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் புலம்பினார். ரொவீனா வந்தபோது புலம்பல் நின்றது, கோபம் வந்தது. ரொவீனாவுக்கு இருபது வயது. இடது பின்களத்தில் ஆடுகிறாள். காலையில் இறால் கம்பெனிக்குப் போய், ஷிஃப்ட் முடிந்ததும் நேராக மைதானத்துக்கு வருவாள். அவள் கால் பின்னால் போவது வீடியோ இல்லாமலே தெரியும், அவ்வளவு தூரம் போகும். மாஸ்டர் அவளை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னார். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“இருபத்து மூணாம் தேதிக்குள்ள அந்தக் காலத் திருத்தணும். இல்லைன்னா நீ வெளிய உக்காந்து ஆட்டத்தப் பாரு.”

பிப்ரவரி 23 திருநெல்வேலியில் தகுதிப் போட்டி. ஜெயிக்கிற அணி சென்னையில் மாநில லீக் ஆடும். அங்கே கல்லூரிக்காரர்கள் வந்து ஆட்டத்தைப் பார்த்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர ஆள் எடுப்பார்கள். ரொவீனா பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷமாகக் காத்திருப்பது அதற்காகத்தான்.

அவள் பத்துச் சுற்றையும் ஓடி முடித்துவிட்டு வந்து, “யக்கா, என் நேரம் எவ்வளவு?” என்று கேட்டாள். எல்லாம் கணக்குப் போட்ட பிறகு சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

துணி துவைத்தேன். மொட்டை மாடியில் காயப்போட்டேன். மைதானத்தில் என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டாள். நிற்கிறேன் என்றேன். “நிக்கதுக்கா சாக்ஸ் இவ்வளவு அழுக்காகுது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

முழங்காலைப் பற்றி ஒரு தடவை எழுதிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், பல்கலைக்கழக ஆட்டம் ஒன்றில் திரும்பும்போது இடது முழங்காலில் தசைநார் கிழிந்தது. திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை. ஒன்பது மாதம் பயிற்சி. டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார். போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மைதானத்துக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கு ரொவீனா ஃபோன் செய்தாள். கம்பெனி லீவு, என்னை மட்டும் அளக்க முடியுமா என்றாள். பூட்டியிருந்த கேட்டைத் தாண்டிக் குதித்தோம். அவள் குதித்தாள், நான் காவலாளியிடம் சாவி கேட்டு உள்ளே போனேன்.

காலைப் பின்னால் வைக்காமல் ஓட அவள் ஒரு வாரமாக வீட்டு முற்றத்தில் பழகியிருக்கிறாள். நன்றாகவே பழகியிருந்தாள். பத்துத் தடவை ஓடினாள், ஒரு தடவைகூடக் கால் பின்னால் போகவில்லை. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சராசரி 1.52 விநாடி.

வீட்டுக்கு வந்து பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். 9ஆம் தேதி, தப்பாக ஓடி மாஸ்டரிடம் திட்டு வாங்கிய நாளில், அவள் சராசரி 1.43.

ஏதோ தவறு. பண்டிகை நாள், வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பாள்.

ஜனவரி 18, சனி

இன்று எல்லோரையும் இரண்டு விதமாக ஓடவிட்டேன். முதலில் மூன்று தடவை அவரவர் போக்கில். பிறகு மூன்று தடவை, காலைப் பின்னால் வைக்கக் கூடாது என்று சொல்லி.

காலைப் பின்னால் வைத்து ஓடியபோது சராசரி 1.46. வைக்காதபோது 1.53.

கருவியில் பேட்டரி மாற்றினேன்.

ஜனவரி 20, திங்கள்

பேட்டரியில் ஒன்றும் இல்லை. டேப் வைத்து ஐந்து மீட்டரை மூன்று தடவை அளந்தேன். ஐந்து மீட்டர்தான்.

கோமதிநாயகம் சாருக்கு ஃபோன் செய்து, நாம் நினைத்ததற்கு நேர்மாறாக வருகிறது, என்ன தப்புச் செய்கிறேன் என்று தெரியவில்லை என்றேன்.  அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. முதல் மூன்று ஓட்டத்தில் களைத்துப்போய் அடுத்த மூன்றில் வேகம் குறைந்திருக்கலாம், வரிசையை மாற்றிப் போட்டு அள என்றார். அப்படியும் இதுவே வந்தால் என்று கேட்டேன்.

“அப்படியும் இதுவே வந்தா, நாம நெனச்சதுதாம்மா தப்பு. அத எழுதிக் குடு.”

ஜனவரி 25, சனி

வரிசையை மாற்றினேன். களைப்பில்லாத காலில் முதலில் ‘சரியான’ ஓட்டம், பிறகு ‘தப்பான’ ஓட்டம். பதினெட்டில் பதினேழு பேருக்குத் தப்பான ஓட்டம்தான் வேகம். ஒருத்திக்கு இரண்டும் ஒன்று. வித்தியாசம் மறுபடியும் 0.07 விநாடி. ஐந்து மீட்டர் முடிகிற இடத்தில் அது கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். பந்துக்கும் பூட்ஸுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி என்றால், பந்து எதிராளிக்கு.

காலைப் பின்னால் வைக்காமலே ஓடுகிற இரண்டு பேர் இருந்தார்களே, மாஸ்டர் சொன்னதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர்கள். அவர்களை முதல் தடவையாகப் பின்னால் வைத்து ஓடச் சொன்னேன். அவர்களுக்கும் நேரம் குறைந்தது. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் இன்று வரவில்லை. அவர் தங்கை வீட்டுக் கல்யாணம். நல்லதாகப் போயிற்று.

எல்லோரும் போன பிறகு ரொவீனா பெட்டியை அடுக்க உதவினாள். எனக்கு இது எப்படி என்று விளங்கவில்லை, இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

“எங்கப்பா வள்ளத்தக் கடல்ல தள்ளும்போது பாத்திருக்கியளாக்கா? ரெண்டு காலையும் சேத்து வச்சிக்கிட்டுத் தள்ளுனா நாமதான் மூஞ்சி குப்புற விழணும். ஒரு காலப் பின்னால ஊனித்தானே தள்ளணும். ஓடுறதும் நம்ம உடம்ப நாமளே தள்ளுறதுதானே.”

ஆறு பாடப் புத்தகங்கள் படித்துவிட்டு வந்தவள் நான். அவள் பெட்டியைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

ஜனவரி 28, செவ்வாய்

மாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்லலாம் என்று போனேன். அவர் மும்முரமாகக் கோல்கீப்பரோடு பேசிக்கொண்டிருந்தார். நேற்று வெயில் அதிகம். முந்தாநாள் ஞாயிறு.

எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது ஒரு வருஷம் முழுக்க என் முதல் அடியைத் திருத்தினார். என் காலுக்குப் பின்னால் செங்கல் வைத்து நிற்கவைப்பார். பின்னால் போனால் குதிகாலில் இடிக்கும். வருஷ முடிவில் திருந்திவிட்டேன். அந்தச் செங்கல் எனக்குப் பரிசு மாதிரி இருந்தது. அந்த வருஷம்தான், முன்னெல்லாம் எனக்குக் கிடைத்த பந்துகள் எட்டாமல் போகின்றன என்று தோன்றியது. உயரம் கூடிவிட்டது, அதனால் வேகம் குறையும் என்றார்கள். நானும் நம்பினேன்.

இதற்காக எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 1, சனி

மாஸ்டர் பட்டியலை வாசித்தார். ரொவீனா முதல் பதினொன்றில் இல்லை. நான் அளக்கும் நேரம் தவிர, இரண்டு வாரமாக அவள் கால் பின்னால் போகவே இல்லை. ஆனால் பயிற்சி ஆட்டங்களில் எதிரணி வலது விங் அவளை நாலு தடவை தாண்டிப் போய்விட்டாள். காலைத் திருத்தினாய், வேகத்தை எங்கே தொலைத்தாய் என்று மாஸ்டர் கேட்டார்.

அவள் அழவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“நீங்க அளந்ததெல்லாம் எதுக்குக்கா? புத்தகத்துல எழுதி அலமாரில வைக்கவா?”

டேப்பைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். 

பிப்ரவரி 3, திங்கள்

சொல்லிவிட்டேன்.

எல்லோரும் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பஸ் தாமதமாகிவிட்டது. அதனால் பதினெட்டுப் பேரும் சுற்றி நிற்கச் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு சராசரிகளையும் சொன்னேன். காலைப் பின்னால் ஊன்றுகிறவர்கள்தான் சீக்கிரம் போகிறார்கள், ரொவீனாவின் பழைய ஓட்டம்தான் அணியிலேயே இரண்டாவது வேகம் என்றேன்.  வீடியோவைக் காட்டினேன்.

மாஸ்டர் ஃபோனைக் கையில் வாங்கவே இல்லை. இந்தப் பெட்டிக்குக் கால்பந்து தெரியாது என்றார். அவர் மாவட்ட அணிக்கு ஆடிய காலத்தில் ஒருநாளும் காலைப் பின்னால் வைத்ததில்லையாம். பேச்சு ஏன், செய்து காட்டுகிறேன் என்று செருப்பைக் கழற்றி, ஷெர்லியின் அண்ணன் விட்டுப்போன கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கோட்டில் போய் நின்றார். ஐம்பத்தெட்டு வயது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பீப்.

நன்றாகத்தான் ஓடினார். ஐந்து மீட்டரில் நிற்க முடியாமல் கார்னர் கொடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். “பாத்தியளா, முதல் அடியே முன்னால” என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

நான் வீடியோவை மெதுவாக ஓட்டினேன். பதினெட்டுத் தலைகள் ஃபோனுக்கு மேல் குனிந்தன. அவருடைய வலது கால் ஒரு முழம் பின்னால் போய், அழுத்தமாக ஊன்றி, பிறகுதான் கிளம்பியது.

 மாஸ்டர் இன்னொரு தடவை போடச் சொன்னார். இன்னொரு தடவை. பிறகு கோட்டுக்குத் திரும்பிப் போனார். இரண்டாவது ஓட்டத்திலும் கால் பின்னால் போனது. மூன்றாவது தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, காலைத் தரையோடு தரையாக வைத்து, முன்னால் மட்டுமே போவது என்று தீர்மானித்துக் கிளம்பினார். உடம்பு போனது, கால் போகவில்லை. இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்துதான் கோட்டைத் தாண்டினார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மாஸ்டராகத்தான் இருக்க வேண்டும். அவர் சகதியில் உட்கார்ந்தபடியே சிரித்தார், பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது. ஷெர்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். முப்பது வருஷம் இந்த மைதானத்தில் இப்படி ஒரு சிரிப்புக் கேட்டிருக்காது.

“எனக்கே தெரியாம இந்தக் காலு இத்தன வருசம் சரியா ஓடியிருக்கு. நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றார் மாஸ்டர்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாஸ்டர் வரவில்லை. ஷெர்லிதான் பயிற்சி நடத்தினாள். நான் ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. கருவியைத் துடைத்து வைத்தேன். மாவு அரைக்கப் போனேன். மறுபடியும் ஃபோன் செய்தேன்.

பிப்ரவரி 5, புதன்

வந்தார். உடம்பெல்லாம் வலி, நேற்று எழுந்திருக்கவே முடியவில்லை என்றார். அதுதான் காரணமாம்.

பட்டியலை மறுபடியும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். மூன்றாம் எண், இடது பின்களம், ரொவீனா. அதை வாசித்துவிட்டு, பழையபடி ஓடு தாயி, நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளிடம் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த அரை மணி நேரத்தில் எதிரே வந்த ஒருத்தியையும் தாண்டவிடவில்லை.

பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஒன்னைய ஒரு வருசம் செங்கல்ல நிக்க வச்சேன். உனக்கு இருந்த வேகத்த நானே புடிச்சி நிறுத்திட்டேன்.”

அப்படியெல்லாம் இல்லை மாஸ்டர், எனக்கு உயரம் கூடிவிட்டது என்றேன். அவர் கோட்டைக் காட்டி, சரி, நீ ஒரு தடவை ஓடு பார்ப்போம் என்றார். கருவியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறரைக்குக் கருவியைச் சரிபார்க்க மைதானத்துக்குப் போனேன். பல்கலைக்கழகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் முன் சரிபார்ப்பது நல்லது. யாராவது குறுக்கே ஓடினால்தான் அது வேலை செய்கிறதா என்று தெரியும். யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் நானே ஓடினேன். 1.78.

ஒரு தடவை ஓடினால் போதாது என்பது ஆய்வின் அடிப்படை. 1.71. 1.69.

கருவி சரியாக இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

கருவியை ஆறு தடவை சரிபார்த்தேன். 1.62.

பிப்ரவரி 12, புதன்

பத்துத் தடவை. 1.57. கால் தானாகப் பின்னால் போக மாட்டேன் என்கிறது. எட்டு வருஷமாக அங்கே ஒரு செங்கல் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கிறது. காலைச் சாப்பாட்டுத் தட்டில் அம்மா இரண்டு அவித்த முட்டை வைத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ஏழாவது ஓட்டத்தில் கால் பின்னால் போய்விட்டது! நான் வைக்கவில்லை, அதுவே போனது. தரையில் ஊன்றியது தொடைவரைக்கும் தெரிந்தது. அடுத்த நொடி நான் முன்னால் இருந்தேன். 1.49.

முழங்கால் வலிக்கவில்லை. ஓட்டம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான், முழங்காலை நினைக்கவே இல்லை என்று நினைத்தேன். கார்னர் கொடிப் பக்கம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வெயில் நன்றாக இருந்தது. ஒரு காரணமும் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

எங்கள் இடது விங் ஜெசிந்தாவுக்கு அம்மை போட்டிருக்கிறது. மூன்று வாரம் வெளியே வர முடியாது. இருபத்து மூன்றாம் தேதிக்குப் பதினேழு பேர்தான்.

பயிற்சி தொடங்கும் முன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தார். உள்ளே கழகத்தின் வீராங்கனைப் பதிவு அட்டை. என் படம். இந்த வருஷத் தேதி. நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லையே என்று கேட்டேன். மூன்று வருஷமாக அம்மாதான் வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போவாளாம்.

“ஒங்க அம்மா மொத வருசம் வந்து, அவளுக்குத் தெரிய வேண்டாம், தோணும்போது வருவான்னு சொல்லிச்சி. நானும் விட்டுட்டேன். நீ காலைல ஓடுறதக் காவலாளி சொன்னான். இப்பம் தோணிட்டா?”

நான் டாக்டரைக் கேட்க வேண்டும் என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

திருநெல்வேலிக்குப் போனேன். டாக்டர் முழங்காலை மடக்கி, நீட்டி, ஒற்றைக் காலில் குதிக்கவைத்துப் பார்த்தார். பழைய ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தார். முழுமையாக ஆடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. தேதி, இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அன்றைக்கே சொன்னேனே, நீங்கள் கேட்கவில்லையா என்றார்.

கேட்டேன். எல்லாம் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பதிவு அட்டையைக் காட்டினேன். கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டே, “நீ ஓடாம இருக்கும்போது வீட்டுல ரொம்பப் பேசுத. என்னால தாங்க முடியல” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழம்பு ஆவி என்றாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ரயிலில் திரும்பும்போது எழுதுகிறேன். பக்கத்தில் ஷெர்லி பாடுகிறாள், கேட்கவே முடியவில்லை. கை நிற்காமல் எழுதிவிடுகிறேன்.

எதிரணி மதுரை. இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. அவர்களுடைய வலது விங் நெட்டையான பெண், காற்று மாதிரி ஓடினாள். ஆனால் ரொவீனா அவளை ஒரு தடவைகூட விடவில்லை. பந்து விலகும்போதெல்லாம் ரொவீனாவின் கால் பின்னால் ஊன்றும், அவள் அங்கே இருப்பாள். மாஸ்டர் வெளியே நின்று ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டினார். வாயைத் திறக்கவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அறுபத்தெட்டாவது நிமிஷத்தில் என்னை அனுப்பினார். பதினேழாம் எண் சட்டை எனக்குக் கொஞ்சம் பெரிது. உள்ளே போன முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. புல், சத்தம், யாரோ இசக்கி இசக்கி என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். முதல் பந்தைத் தவறவிட்டேன். இரண்டாவதும் எட்டவில்லை. வெளியே ஓடிவிடலாமா என்று இருந்தது.

எண்பத்து ஒன்றாவது நிமிஷம். அந்த நெட்டைப் பெண் பந்தைத் தள்ளிவிட்டு ரொவீனாவைத் தாண்டப் பார்த்தாள். ரொவீனா பந்தை எடுத்தாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“யக்கா, போ.”

பந்து என் தலைக்கு மேல் போனது. எனக்கும் அவர்களுடைய பின்கள ஆட்டக்காரிக்கும் நடுவில் விழப்போகிறது. இரண்டு பேரும் நின்ற இடத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். நான் எதையும் யோசிக்கவில்லை. அவளுக்கு முன்னால் பந்து என் காலில் இருந்தது. அவள் பூட்ஸ் பின்னாலிருந்து நீண்டது, எட்டவில்லை. கோல்கீப்பர் என்னை நோக்கி வந்தாள். குறுக்கே தட்டிவிட்டேன். ஷெர்லி முழங்காலிலோ வயிற்றிலோ வாங்கி உள்ளே தள்ளினாள். அழகான கோல் இல்லை. இரண்டுக்கு ஒன்று.

கடைசி ஒன்பது நிமிஷமும் பின்களத்தில் ரொவீனாவோடு நின்று பந்தை வெளியே அடித்துக்கொண்டிருந்தேன். விசில் ஊதியதும் அவள் என் மேல் ஏறிவிட்டாள். அவள் கனம் முழுக்க இடது முழங்காலில். முழங்கால் தாங்கியது.

மாஸ்டர் எல்லோருக்கும் இருட்டுக்கடைப் பக்கம் அல்வா வாங்கிக் கொடுத்தார். ரொவீனா நாளைக்குக் காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டும். ஆனால் சென்னைக்கு ஒரு வாரம் லீவு கேட்டு எழுதும் கடிதத்தை இப்போதே ஷெர்லியிடம் திருத்தக் கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 1, சனி

கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தேன். பதினெட்டுப் பேர், இருநூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டங்கள். முன்னால் போக முதலில் பின்னால் ஊன்றுவது பிழை அல்ல, நிற்கிற உடம்பு தன்னைத் தள்ளிக்கொள்ளத் தேடும் வழி என்று எழுதினேன். நன்றி சொல்லும் பக்கத்தில் ரொவீனாவின் அப்பாவையும் சேர்த்தேன். அவர் வள்ளத்தைத் தள்ளுவதை நான் பார்த்ததுகூட இல்லை.

மார்ச் 3, திங்கள்

கோமதிநாயகம் சார் ஃபோன் செய்தார். முழுவதும் படித்துவிட்டாராம், இரண்டு இடத்தில் தசமப் புள்ளி தப்பாம், மற்றபடி நிறைவு என்றார். வாய்மொழித் தேர்வுக்கு மார்ச் 15 காலை பத்து மணி, வெளியூரிலிருந்து நிபுணர் வருகிறார், மாற்ற முடியாத தேதி என்றார்.

நான் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா கொடியில் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், பதினேழாம் எண் முதுகில். சென்னையில் முதல் ஆட்டம் 15ஆம் தேதிதான், மாலை மூன்றரைக்கு.

“சார், அன்னைக்கு எனக்கு மேட்ச் இருக்கு” என்றேன்.

யார் ஆடுகிறார்கள், நீ அளக்கத்தான் போக வேண்டுமா, வேறு யாரையாவது அனுப்பக் கூடாதா என்று கேட்டார்.

“நாந்தான் சார் ஆடுறேன்.”

 காகிதங்களைப் புரட்டும் ஓசை கேட்டது. பிறகு சார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டார்.

“லெஃப்ட் விங் சார்.”

“சரி. நிபுணர்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ போயிட்டு வா.”